தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

இணையதளம் கட்டித் தருகிறவர்களிடம் அட்டவணையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தலைப்புதான் தெளிவாத் தெரியுதே, அப்புறம் என்ன?" மேல் வரிசைக்கு நீலப் பின்னணி கொடுத்தாயிற்று. எழுத்தை வெள்ளையாக்கி போல்டும் போட்டாயிற்று. வாடிக்கையாளரும் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். அந்த வரிசைதான் தலைப்பு என்பதை நிரலுக்குள்ளும் எழுதினீர்களா என்று கேட்டால் முகம் மாறும். அதெல்லாம் பார்வையற்றோருக்கான கூடுதல் வசதி, நேரமும் நிதியும் மிச்சமிருந்தால் இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டாம் கட்டம் பெரும்பாலும் வருவதே இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கும் இந்த நினைப்பு ஒப்பந்தப்புள்ளி ஆவணம் வரை வேரோடியிருக்கிறது. தொழில்நுட்பப்படி பார்த்தாலும் செலவுக் கணக்குப்படி பார்த்தாலும் இது தவறு. இந்தியாவில் இப்போது சட்டப்படியும் தவறு.

32.8 என்ற எண்ணைத் தனியாக யாராவது சொன்னால் அதற்குப் பொருள் கிடையாது. மேலே 'முழுக் கொள்ளளவு, டிஎம்சி' என்றும் இடப்பக்கம் 'பவானிசாகர்' என்றும் இருந்தால்தான் அது செய்தி. பார்வையுள்ளவர் அந்த எண்ணைப் பார்த்த கணமே அவர் கண் மேலே ஓடி, இடப்பக்கம் ஓடி, திரும்பியும் வந்துவிடுகிறது. ஓடிய விஷயம் அவருக்கே தெரிவதில்லை. அதனால்தான் அட்டவணையின் பொருள் அதன் தோற்றத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். காதால் படிப்பவருக்கு மேலும் கிடையாது, இடமும் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் சொற்கள் மட்டுமே.

தமிழ்நாட்டு நாளிதழ்களில் அன்றாடம் வரும் அணை நிலவரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பவானிசாகருக்கு 105 அடி, 32.8 டிஎம்சி. இதே விவரம் தலைப்புக் குறி இல்லாத அட்டவணையாக இணையத்தில் ஏறினால், ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் படிக்கும்போது இப்படித்தான் கேட்கும்: "மேட்டூர், 120, 93.47, பவானிசாகர், 105, 32.8, வைகை, 71..." இரண்டு நெடுவரிசை வரை சமாளிக்கலாம். உண்மையான அட்டவணையில் இன்றைய நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், சென்ற ஆண்டு இதே நாளின் நீர்மட்டம் என்று ஏழெட்டு நெடுவரிசைகள் இருக்கும். பத்தாவது அணைக்கு வரும்போது காதில் விழும் எண் அடியா, டிஎம்சியா, விநாடிக்கு இத்தனை கனஅடியா என்பதை நினைவில் வைத்திருக்க அட்டாவதானிதான் வேண்டும்.

நிரலில் தலைப்பைத் தலைப்பென்று குறித்திருந்தால் நிலைமை வேறு. விண்டோஸ் கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் 'டி' விசையை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவலாம். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். வலப்பக்கம் நகர்ந்தால் அந்த நெடுவரிசையின் தலைப்பைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும்: "முழுக் கொள்ளளவு, 32.8." கீழே நகர்ந்தால் அணையின் பெயரைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும்: "வைகை, 71." கொள்ளளவு மட்டும் வேண்டும் என்றால் அந்த நெடுவரிசையிலேயே இறங்கிப் போகலாம். கண்ணால் பார்ப்பவர் செய்வதும் இதுதான். குறி இல்லாத அட்டவணையில் இதே விசைகளை அழுத்தினால் "நெடுவரிசை 3, 32.8" என்ற அளவில் நின்றுவிடும். மூன்றாவது நெடுவரிசை எதைப் பற்றியது என்பது படிப்பவர் பாடு.

இதற்கு ஆகும் உழைப்பு எவ்வளவு? எச்டிஎம்எல் மொழியில் சாதாரணக் கட்டத்துக்கு 'டிடி' என்று குறி. தலைப்புக் கட்டத்துக்கு 'டிஎச்'. வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. இந்தத் தலைப்பு கீழே உள்ள நெடுவரிசைக்கா, பக்கத்தில் உள்ள வரிசைக்கா என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்ல 'ஸ்கோப்' என்றொரு பண்பு உண்டு. அட்டவணையின் பெயரைச் சொல்ல 'கேப்ஷன்'. சாதாரண அட்டவணைக்கு இந்த மூன்றுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம், இதையெல்லாம் மென்பொருளே ஊகித்துக்கொள்ளும் என்பது. ஊகிக்கத்தான் செய்கிறது. எப்படி ஊகிக்கிறது என்று பார்த்தால் இந்த வாதத்தை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

குறியில்லாத அட்டவணை ஒன்று வந்தால், அது உண்மையான தரவு அட்டவணையா, பக்கத்தை அடுக்கப் பயன்படுத்திய வெறும் சட்டகமா என்று உலாவி முதலில் தானாக ஒரு முடிவுக்கு வருகிறது. கட்டங்களுக்கு எல்லைக்கோடு இருக்கிறதா, வரிசைகளுக்கு மாறி மாறி நிறம் அடித்திருக்கிறதா, மொத்தம் எத்தனை கட்டங்கள் என்பன போன்ற அடையாளங்களைக் கொண்டுதான் அந்த முடிவு. 'டிஎச்' குறி இருந்தால் அது தரவு அட்டவணைதான் என்பதற்கு வலுவான சான்று. இல்லாவிட்டால், எல்லைக்கோடு போடாத சின்ன அட்டவணை ஒன்றை உலாவி சட்டகம் என்று முடிவுகட்டிவிடலாம். அப்படி முடிவுகட்டியதை என்விடிஏ தன் இயல்பான அமைப்பில் அட்டவணையாகவே அறிவிக்காது. 'டி' விசை அதைத் தாண்டிப் போய்விடும். அதாவது தலைப்பு மட்டும் காணாமல் போகவில்லை, அட்டவணையே காணாமல் போகிறது. வடிவமைப்பாளர் அழகு கருதிக் கோடுகளை எடுத்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை.

இந்தத் தடையைத் தாண்டினாலும் அடுத்தது காத்திருக்கிறது. முதல் வரிசையையும் முதல் நெடுவரிசையையும் தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லிச் சில திரைவாசிப்பான்களை அமைக்க முடியும். நம் ஊர் அட்டவணை அந்த ஊகத்துக்குள் அடங்குவது அரிது. நம்மவர் போடும் அட்டவணையில் முதல் நெடுவரிசை பெரும்பாலும் 'வ.எண்'. அணையின் பெயர் இரண்டாவதில்தான் வரும். ஊகித்துப் படிக்கும் கருவி "பவானிசாகர், 32.8" என்று சொல்லாது, "2, 32.8" என்று சொல்லும். முதல் வரிசையில் எல்லாக் கட்டங்களையும் ஒன்றாக இணைத்து 'தமிழ்நாட்டு அணைகளின் நீர் நிலவரம்' என்று எழுதியிருப்பார்கள். அதைத் தலைப்பென்று நம்பும் கருவி ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அந்த நீண்ட வாக்கியத்தை ஒப்பிக்கும். இரண்டாவது வரிசையில் இருக்கும் உண்மையான தலைப்புகள் அதன் கணக்கில் தரவுகள்.

சரியாகச் செய்வதானால், அட்டவணையின் பெயரை 'கேப்ஷன்' குறிக்குள் போட வேண்டும். அணையின் பெயர் உள்ள இரண்டாம் நெடுவரிசைக் கட்டங்களுக்கு 'டிஎச்' குறியும், வரிசைக்கான 'ஸ்கோப்' பண்பும் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டம் எதற்குத் தலைப்பு என்பது அட்டவணை போட்டவருக்குத் தெரியும். தெரிந்ததை எழுதாமல் விட்டுவிட்டு, தெரியாத இயந்திரத்தை ஊகிக்கச் சொல்வதில் என்ன நியாயம்?

இதே வாதம் இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. திரையைப் படமெடுத்துக் கொடுத்தால் அட்டவணையை விளக்கிச் சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன, இனி குறியாவது ஒன்றாவது என்கிறார்கள். அந்த மென்பொருள்கள் பார்வையற்றோருக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை சொல்வதும் ஊகம்தான், கொஞ்சம் கெட்டிக்கார ஊகம். ஒரு மாத்திரையின் அளவையோ கடனுக்கான வட்டி விகிதத்தையோ அது பக்கத்து வரிசையிலிருந்து எடுத்துச் சொன்னால், பார்வையுள்ளவர் சரிபார்த்துக்கொள்வார். யாருக்காக அந்த மென்பொருள் என்கிறார்களோ அவரால்தான் சரிபார்க்க முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திரங்களுக்கும் இந்தக் குறி தேவைப்படுகிறது. தரவு ஆய்வாளர்கள் அன்றாடம் புழங்கும் பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகம் இணையப் பக்கத்திலிருந்து அட்டவணையை உருவும்போது, எது நெடுவரிசைத் தலைப்பு என்பதை 'டிஎச்' குறியையும், தலைப்பு வரிசைகளைத் தொகுக்கும் 'டிஹெட்' குறியையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவது வாதம் செலவு. சிலருக்காக இவ்வளவு செலவா என்ற கேள்விக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விசாரணையில் பதில் கிடைத்துவிட்டது.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ். போட்டி அமைப்புக் குழுவின் இணையதளத்தை ஐபிஎம் நிறுவனம் கட்டிக்கொடுத்தது. பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மக்வயர், பிரெய்ல் காட்டும் கருவியின் துணையோடு இணையத்தைப் படிப்பவர். அந்தத் தளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று 1999 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மனித உரிமைகள், சமவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 1992-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டம்தான் அடிப்படை. புகாரில் மூன்று அம்சங்கள். படங்களுக்கு மாற்று உரை இல்லை. போட்டி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. மூன்றாவது, போட்டிகள் நடக்கும்போது வெளியாகும் முடிவு அட்டவணைகளைப் படிக்க வழி வேண்டும்.

அமைப்புக் குழு எதிர்த்து நின்றதில் பெரும்பங்கு இந்த மூன்றாவது அம்சத்துக்கு. 37 விளையாட்டுகள், 1,295 வார்ப்புருக்கள், ஒருவர் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 368 நாள் வேலை என்றார்கள். தனி உள்கட்டமைப்பே வேண்டும், 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றார்கள். சட்டத்தில் 'நியாயப்படுத்த முடியாத சிரமம்' என்றொரு விலக்கு இருந்தது. அதன் நிழலில் ஒதுங்கப் பார்த்தார்கள்.

மக்வயர் தரப்பில் ஆஸ்திரேலியாவின் டாம் வொர்திங்டனும் கனடாவின் யூட்டா டிரெவிரானஸும் நிபுணர்களாகச் சாட்சியம் சொன்னார்கள். வார்ப்புருக்கள் அத்தனை இல்லை, ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு நேரமும் ஆகாது, தனி உள்கட்டமைப்புக்கு வேலையே இல்லை என்பது அவர்கள் வாதம். ஆணையம் அதை ஏற்றது. 2000 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு வந்தது. போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. அமைப்புக் குழு அரைகுறையாகவே செய்தது. நவம்பரில் மக்வயருக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது ஆணையம்.

அந்த 1,295 என்ற எண்ணை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வேலை மலைபோல் இருக்கிறது என்று காட்டத்தான் அமைப்புக் குழு அதை முன்வைத்தது. வார்ப்புரு என்பது ஒரு முறை எழுதினால் அதிலிருந்து எத்தனை பக்கங்கள் வேண்டுமானாலும் பிறக்கும் அச்சு. அச்சில் 'டிடி' என்பதை 'டிஎச்' என்று திருத்தினால், அதிலிருந்து வரும் அத்தனை முடிவுப் பக்கங்களும் தாமாகத் திருந்தும். தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் செலவு ஏறக்குறைய சுழியம். கட்டி முடித்த பிறகு தேடித் திருத்தினால்தான் செலவு. ஆக, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் செலவைக் கூட்டும் வழி. பிறகு என்று தள்ளிப்போட்டவர்களே செலவு அதிகம் என்று முறையிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்று அந்தச் சிறு உழைப்பும் குறைந்துவிட்டது. வேர்ட்பிரஸ் தளத்தில் அட்டவணைக்குத் தலைப்புப் பகுதி சேர்க்க ஒரு பொத்தான் போதும். விக்கிப்பீடியாவில் கட்டத்தின் தொடக்கத்தில் நெடுங்கோட்டுக்குப் பதிலாக ஆச்சரியக்குறி இட்டால் அது தலைப்புக் கட்டம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் தலைப்பு வரிசை என்பதற்கு நேராக ஒரு டிக். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியும்.

'சிலருக்காக' என்ற சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்கள் யாரும் எங்கள் தளத்துக்கு வருவதில்லையே என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. படிக்க முடியாத தளத்துக்கு எதற்கு வரவேண்டும்?

மூன்றாவது வாதம் நவீனம் என்ற பெயரில் வருகிறது: "டேபிள் எல்லாம் பழசு சார், இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல." பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 உலாவி அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியதும், பக்க வடிவமைப்புக்கு வேறு கருவி இல்லாத வடிவமைப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் பட்டியல், நடுவில் கட்டுரை, வலப்பக்கம் விளம்பரம் எல்லாம் எல்லைக்கோடு மறைத்த அட்டவணைக்குள் திணிக்கப்பட்டன. அது திரைவாசிப்பான்களைப் படாதபாடு படுத்தியது. பிறகு பக்கத்தின் தோற்றத்தை அமைப்பதற்கான சிஎஸ்எஸ் மொழி பரவலானதும் பக்கத்தை அடுக்க அட்டவணை கூடாது என்று சரியாகவே சொன்னார்கள். அந்த அறிவுரை வாய்மாறி வாய்மாறி 'அட்டவணையே கூடாது' என்று ஆகிவிட்டது. விளைவாக, எண்கள் நிறைந்த உண்மையான அட்டவணைகளைக்கூட 'டிவ்' என்ற பொருளற்ற பெட்டிகளை அடுக்கிக் கட்டுகிறார்கள். திரையில் அச்சு அசலாக அட்டவணைபோலவே இருக்கும். திரைவாசிப்பானுக்கு அது வெறும் சொற்குவியல். 'டி' விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அதன்மீது போய் நிற்காது.

பெட்டிகளுக்கு 'ஏரியா' பண்புகள் கொடுத்து, இது அட்டவணை, இது நெடுவரிசைத் தலைப்பு என்று சொல்ல வழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. அந்தப் பண்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்று வழிகாட்டும் உலகளாவிய வலைச் சேர்த்தியம், அதாவது டபிள்யூ3சி, எச்டிஎம்எல்லிலேயே உரிய குறி இருந்தால் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும் என்று சொல்கிறது. ஓரெழுத்தில் முடிகிற வேலைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் பண்பு எழுதுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை.

மூன்று வாதங்களும் தோற்ற பிறகு, குறுக்கு வழிகள் வரும். அவற்றில் ஒன்று, தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு உட்கார்ந்திருக்கும் சின்னப் பொத்தான். ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுக்க அணுகல்தன்மை பெற்றுவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். இவற்றில் பெயர்பெற்ற ஒன்றை விற்ற ஆக்சஸிபி நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. எந்தத் தளத்தையும் தர நெறிகளுக்கு ஏற்றதாக மாற்றித் தருவோம் என்ற விளம்பரம் உண்மையல்ல என்பது குற்றச்சாட்டு. பட்டிகள், தலைப்புகள், படங்கள் போன்ற அடிப்படைக் கூறுகளோடு அட்டவணைகளும் அந்தக் குற்றச்சாட்டில் இடம்பெற்றிருந்தன. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உத்தரவின்படி அந்த நிறுவனம் கட்ட வேண்டிய தொகை 10 லட்சம் டாலர். எது தலைப்பு என்று எழுதப்படாத அட்டவணையை வெளியிலிருந்து ஒட்டிய நிரலும் ஊகித்தே ஆக வேண்டும். முன்னே பார்த்த அதே சிக்கல்தான்.

இன்னொரு குறுக்கு வழி நம் அலுவலகங்களுக்கு மிகவும் பிடித்தது: பிடிஎஃப். கணினியில் தட்டச்சு செய்த அட்டவணையை அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றுவார்கள். தேர்ச்சிப் பட்டியல், கட்டண விவரம், கலந்தாய்வு நாள்கள் எல்லாம் இப்படித்தான் வெளியாகின்றன. ஸ்கேன் செய்த தாளில் தலைப்பும் கிடையாது, கட்டமும் கிடையாது, எழுத்துகூடக் கிடையாது. மொத்தமும் ஒரு புகைப்படம். கணினியில் எழுத்தாக இருந்த ஒன்றை, காசு செலவழித்து, படிக்க முடியாத படமாக மாற்றுகிற இந்த வேலைக்கு வசதி என்று பெயர். பிடிஎஃப் கூடவே கூடாது என்பதில்லை. முறையாகக் குறியிட்ட பிடிஎஃப் கோப்புக்கு 2012 முதல் ஐஎஸ்ஓ தரமே இருக்கிறது, அதிலும் தலைப்புக் கட்டத்துக்குத் தனிக் குறி உண்டு. ஸ்கேன் செய்யும் கை அதைத் தொடுவதில்லை என்பதுதான் குறை.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. எல்லா அட்டவணையும் அணை நிலவரம்போல எளிதாக இருப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் மேலே மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று மூன்று பெருந்தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் நபர்கள், ஆண்கள், பெண்கள் என்று மூன்று சிறுதலைப்புகள். ஒரு கட்டத்துக்கு மேலிருந்து இரண்டு தலைப்பு, பக்கத்திலிருந்து மாவட்டத்தின் பெயர், ஆக மூன்று. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இதற்கும் வழி செய்தது. பெருந்தலைப்பு எத்தனை நெடுவரிசைகளைக் கட்டி ஆள்கிறது என்று 'ஸ்கோப்' மூலம் சொல்லலாம். தேவைப்பட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய தலைப்புகளின் அடையாளங்களைப் பெயர் சொல்லி எழுதலாம். இந்தக் கடைசி முறை உண்மையிலேயே கடினம். கையால் எழுதினால் பிழை வரும், எல்லாத் திரைவாசிப்பான்களும் ஒரே மாதிரி படிப்பதும் இல்லை.

ஆனால் இதிலிருந்து 'அப்படியானால் விட்டுவிடலாம்' என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. மொத்தத்துக்கு ஒன்று, ஊரகத்துக்கு ஒன்று, நகர்ப்புறத்துக்கு ஒன்று என்று அட்டவணையை மூன்றாகப் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஒவ்வொன்றும் எளிய அட்டவணை, 'டிஎச்' போதும். கைபேசியில் படிப்பவருக்கும் பத்து நெடுவரிசையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்கிற தொல்லை குறையும். அதிதீவிரக்காரர்கள் சிலர் எதிர்த்திசையில் தவறு செய்வதும் உண்டு. மூன்று வரிசை அட்டவணைக்கும் இருக்கிற பண்புகளையெல்லாம் அள்ளிக் கொட்டுவார்கள், எச்டிஎம்எல்5 கைவிட்ட 'சம்மரி' பண்பு உட்பட. அதைப் பார்த்து மிரண்டுபோகிற புது நிரலர் எதையுமே செய்யாமல் விட்டுவிடுகிறார். எளிய அட்டவணைக்கு எளிய குறி போதும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பெரும்பாலான அட்டவணைகள் திருந்திவிடும்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகளின் முதல் பதிப்பு 1999 மே மாதம் வெளியானது. தரவு அட்டவணையில் வரிசைத் தலைப்பையும் நெடுவரிசைத் தலைப்பையும் குறிக்க வேண்டும் என்பதை அது முதல்நிலை முன்னுரிமையில், அதாவது செய்தே தீர வேண்டியவற்றில் வைத்தது. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 1.3.1 என்ற விதி இதைத் தாங்குகிறது. அதன் நிலை 'ஏ', அதாவது குறைந்தபட்சத் தகுதி. கூடுதல் வசதி என்று எந்தப் பதிப்பும் இதைச் சொன்னதில்லை.

இந்தியாவில் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009 முதல் இருக்கின்றன. 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42-ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றிப் பேசுகிறது. ஆனாலும் விதிகளைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தில் கைவைத்தது. அந்தச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளில் அணுகல் தரங்கள் பற்றிய 15-ஆம் விதி, தாய்ச் சட்டம் கட்டாயம் என்று சொன்னதை வெறும் பரிந்துரையாகக் குறுக்கிவிட்டது என்று கூறி அதைச் சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாய விதிகளைத் தனியே வகுக்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது. அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

ஆகவே 'கூடுதல் வசதி' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. தொழிலில் இருப்பவர்கள் என்விடிஏவை இறக்கிக்கொள்ளட்டும், அது இலவசம். திரையை இருட்டாக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, தாங்கள் கட்டிய அட்டவணை ஒன்றில் ஏதாவதொரு எண்ணைத் தேடிப் பார்க்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரிகளும் நிறுவனத் தலைவர்களும் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும்: தளத்தில் உள்ள ஒவ்வொரு வகை அட்டவணையையும் திரையை இருட்டாக்கிய நிலையில் திரைவாசிப்பானைக் கொண்டு படித்துக் காட்டிய பிறகே இறுதித் தவணைப் பணம் வழங்கப்படும்.